நீலப் பீப்பாய்ச் செண்பகம்

எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்த உயிர் ஒன்றே ஒன்றுதான். அது நானில்லை. வாசலில், பாதியாக அறுத்த நீலப் பீப்பாய்க்குள் நின்றிருந்த வெள்ளைச் செண்பகம். மலாய்க்காரர்கள் அதைச் செம்பாக்கா என்பார்கள். அதற்குச் சொந்தக்காரி என் அத்தை, அப்பாவின் தங்கை. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நாங்கள் 'நம்ம' என்றுதான் சொல்லுவோம். நம்ம டிவி, நம்ம மோட்டார் சைக்கிள், நம்ம தாத்தா. அந்த மரத்தை மட்டும் எல்லாரும் 'அத்தை மரம்' என்றோம். அவளுக்கென்று சொல்லிக்கொள்ள அந்த வீட்டில் வேறு ஒன்றும் இல்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை, எனக்கு வயது பத்து. பெரியவர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விற்று, பால்மரங்களைச் சாய்த்து வீடு கட்டத் தொடங்கியபோது எங்களை லயத்து வீட்டிலிருந்து கிளப்பிவிட்டார்கள். சுங்கைப் பட்டாணிக்கு வெளியே ஒரு தாமான் குடியிருப்பில், வரிசை வீடு ஒன்றுக்கு வந்து சேர்ந்தோம். தோட்டத்து நர்சரியில் பால்மரக் கன்றுகளோடு பாதி ஆயுளைக் கழித்த அப்பா, ஒரு கிடங்குக்குக் காவல்காரராகப் போனார். அத்தை கையுறைத் தொழிற்சாலைக்குப் போனாள். வந்த வருடமே தாத்தாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, படுக்கையில் விழுந்தார். அம்மாவுக்கு முதுகு வலி. நிஜமான வலிதான்; ஆனால் தாத்தாவின் அறைப் பக்கம் போக வேண்டி வந்தால் கொஞ்சம் கூடிவிடும். ஆகவே தாத்தாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அத்தையின் கையில் போய் நின்றது. யாரும் ஒப்படைக்கவில்லை. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகிற மாதிரி அது தானாகப் போய்ச் சேர்ந்தது.

மரத்தை அத்தை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கினாள். வாங்கும்போது அது முழங்கால் உயரக் கன்று, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இருந்தது. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் எல்லாரும் வாசலில் கிடைத்த கையகல மண்ணில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டு வேர்பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்த காலம். அத்தை மட்டும் செண்பகத்தைத் தொட்டியிலேயே வைத்தாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் அதே கேள்வியைக் கேட்பார்கள், இவ்வளவு பெரிய மரமாகிற ஜாதியை ஏன் தொட்டியில் அடைத்து வைத்திருக்கிறாய், கீழே வைத்தால் ஜம்மென்று வளருமே என்று. அத்தை சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் லா, தூக்கிட்டுப் போறதுக்குச் சௌகரியம்" என்பாள். எங்கே தூக்கிக்கொண்டு போவாள் என்று யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை. அவள் எங்கும் போகமாட்டாள் என்பதில் எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் அத்தனை நிச்சயம்.

தொட்டியில் செண்பகம் வளர்ப்பது லேசான காரியமில்லை. குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றமாட்டாள். வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து, மருந்து வாடை போன பிறகுதான் ஊற்றுவாள். மழை வந்தால் வீட்டிலுள்ள சட்டி பானையெல்லாம் கூரை விளிம்புக்கு அடியில் வரிசை கட்டி நிற்கும், அம்மா முணுமுணுப்பாள். சீனப் பெருநாளை ஒட்டிக் கெடாவில் வறண்ட காற்று அடிக்கும்போது இலை ஓரம் கருக ஆரம்பிக்கும். அப்போது மேல்மண்ணைத் தேங்காய் நாரால் மூடி, இலைகளுக்கு ஈரத்துணியால் ஒத்தடம் கொடுப்பாள். தாத்தாவுக்குத் துடைத்துவிடும் அதே கையோட்டம். பூத்தால் முதல் பூ சாமி படத்துக்கு, இரண்டாவது அவள் கொண்டைக்கு, மூன்றாவது தாத்தாவின் தலையணைக்கு. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரின் அறைக்கு ஒரு வாடை உண்டு, எத்தனை துடைத்தாலும் போகாது. ஒரு செண்பகம் வைத்தால் அரை நாளைக்கு அடங்கியிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தொட்டி மாற்றுவாள். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது நடந்ததைக் கூடவே நின்று பார்த்தேன். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் அடியில் சரசரவென்று ஓடிவிட்டால் உள்ளே வேர் சுற்றிக்கொண்டுவிட்டது என்று அர்த்தமாம். மழை தொடங்கட்டும் என்று காத்திருந்தாள். மாற்றுவதற்கு முதல் நாள் மண்ணை நன்றாக நனைத்தாள். அரிசி ஆலையிலிருந்து ஒரு சாக்கு உமிக்கரி வாங்கி, மக்கிய இலையும் மண்ணும் கலந்து வைத்துக்கொண்டாள். மறுநாள் தொட்டியைப் படுக்கப் போட்டு, சுற்றிலும் தட்டித் தட்டி, வேரையும் மண்ணையும் பிரிக்காமல் அப்படியே ஒரு பழைய கைலியில் சுற்றி எடுத்தாள். குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டில் வாங்குகிற மாதிரி இருந்தது. நான் ஆர்வக்கோளாறில் வெளியே நீட்டியிருந்த ஒரு வேரைப் பிடித்து இழுக்கப் போனேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டாள்.

"தொடாத பாப்பா. மத்த மரம் மாதிரி இல்ல, இதோட வேரு சதை மாதிரி. அறுந்தா புண்ணாயிடும், அழுகிடும்."

முன்னதைவிடக் கொஞ்சமே பெரிய தொட்டி. ரொம்பப் பெரிதாக வைத்தால் ஈரம் தங்கி வேர் கெட்டுவிடும் என்றாள். முன்பு எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டம். மேலே மிதித்து அழுத்தக் கூடாது. இரண்டு வாரம் நிழல், ஒரு மாதத்துக்கு உரமே கிடையாது. இதையெல்லாம் அவள் எங்கும் படிக்கவில்லை. தொட்டு, தவறு செய்து, இலை உதிர்ந்து, கற்றுக்கொண்டது. அந்த நீலப் பீப்பாய் அப்போது வந்ததுதான்.

மீன்காரர் வந்தது அதற்குப் பிறகு. கோலா கெடாவிலிருந்து மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேனில் வருவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வரிசையில் ஹார்ன் அடித்துக்கொண்டே மெதுவாக வருவார், பெண்கள் பாத்திரத்தோடு ஓடுவார்கள். மனைவியை இழந்தவர், பிள்ளை கிடையாது, கத்தோலிக்கர். கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, தலையில் எப்போதும் ஒரு நைந்த தொப்பி. அத்தைக்குக் கெம்போங் மீனை நிறுக்கும்போது மட்டும் பேச்சு நீளும். மீனைப் பற்றித்தான். மீனைப் பற்றி இவ்வளவு பேச இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒரு முறை அவர் மீன் கழுவிய தண்ணீர் மரத்துக்கு நல்லது என்றார். பச்சையாக ஊற்றினால் ஆகாது, புளிக்க வைத்து, நிறையத் தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும் என்று அத்தை திருத்தினாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

ஒரு நாள் அவர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, கையில் ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கே வந்தார். அப்பா உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார்கள். அவர் சொல்ல வந்ததைச் சொன்னார். அப்பா, "யோசிச்சுச் சொல்றோம்" என்றார். யோசனை ஏழெட்டு மாதம் நடந்தது. முதலில் வேதக்காரர் என்றார்கள். அத்தைக்கு அதில் தடையில்லை என்று தெரிந்ததும், இந்த வயதில் எதற்கு என்றார்கள். அவளுக்கு முப்பத்து நான்கு. அதுவும் எடுபடவில்லை என்றதும் தாத்தாவைக் காட்டினார்கள். தாத்தாவுக்குப் பேச்சு வராது, அதனால் யார் வேண்டுமானாலும் அவரை எதற்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

கடைசியில் அத்தை கேட்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, ஈஸ்டர் முடிஞ்சு கோலா கெடா மாதா கோயில்ல வச்சிக் கல்யாணம். நீயும் அண்ணியும் வந்து நின்னு அனுப்பி வைக்கணும். எனக்கு ஒண்ணும் வேணாம், என் துணிமணியும் மரமும் போதும்." அப்பா தட்டைப் பார்த்தபடியே, "அப்பாவ யாரு பாக்கறது?" என்றார். அத்தை, தானே தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். கோலா கெடாவிலிருந்து தினமும் எப்படி வருவாள் என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள். நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகளுக்கு எங்கள் வீட்டில் என்றுமே பஞ்சமில்லை.

நான் அன்று முழுக்க அழுதேன். அத்தை போய்விட்டால் எனக்குச் சடை பின்ன ஆள் இல்லை, பள்ளிப் பையில் பிஸ்கட் வைக்க ஆள் இல்லை, மலாய்ப் பாடத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இல்லை. இவ்வளவுதான் என் கணக்கு. அவள் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கும் என்றே தோன்றவில்லை. அத்தை என்னைச் சமாதானப்படுத்த மரத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அதை எடுத்துப் போகப் போகும் விதத்தைச் சொன்னாள். கைப்பிடி வைத்த புதுத் தொட்டி வாங்கியாகிவிட்டது, உமிக்கரியும் வந்துவிட்டது. இந்தச் சனிக்கிழமை காலை சிப்ட் முடிந்து வந்ததும் மாற்றிவிடுவாள். ஒரு மாதம் இங்கேயே நிழலில் நின்று தேறட்டும். அதற்குள் கல்யாண நாள் வந்துவிடும். தேறாத மரத்தை வேனில் ஏற்றக் கூடாது, வழியிலேயே வாடிவிடும்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் அப்பா வேலையிலிருந்து வந்து கால் கழுவும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். நான் கேட்டது வார்த்தைக்கு வார்த்தை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

"அப்பா, மரம் தொட்டியில இல்லாம மண்ணுல இருந்தா அத்தை எப்படித் தூக்கிட்டுப் போவாங்க?"

அப்பா காலில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு, அத்தை அன்றைக்கு நனைத்து வைத்திருந்த பீப்பாயைப் பார்த்தார். அதற்குள் அம்மா வாசலுக்கு வந்திருந்தாள். "பிள்ளைக்குத் தெரியுது" என்றாள். அவ்வளவுதான் நடந்த பேச்சு. யாரும் சதி செய்யவில்லை. வீட்டில் ஒருவரும் குரலைத் தாழ்த்திக்கூடப் பேசவில்லை.

சனிக்கிழமை அத்தை ஆறு மணி பஸ்ஸுக்குப் போனதும் அப்பா மண்வெட்டியை எடுத்தார். வாசல் கேட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருந்த மண்ணில், இடுப்பளவு இல்லாவிட்டாலும் தொடையளவுக்குக் குழி வெட்டினார். எனக்கு ஒரே உற்சாகம். அத்தைக்குச் 'சர்ப்ரைஸ்' என்று அப்பா சொன்னார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரே அதை நம்பினார். "இது அவ வீடுதான்னு அவளுக்குத் தெரியணும் பாப்பா. வீட்டு வாசல்ல ஊனி வச்சா தெரியும்" என்றார். அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பீப்பாயைச் சாய்த்து, பாராங் கத்தியால் பக்கவாட்டில் கிழித்தார். உள்ளே வேர்கள் வெளிர் மஞ்சளில், விரல் பருமனில், பீப்பாயின் வடிவத்துக்கே வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தன. அப்பாவின் கண் மாறிவிட்டது. எத்தனையோ வருடம் கழித்து அவருக்குத் தெரிந்த வேலை கைக்கு வந்திருக்கிறது. தோட்டத்து நர்சரியில் பால்மரக் கன்று ஒட்டுப் பிடித்ததும், மண்ணிலிருந்து பிடுங்கி, பக்க வேரையெல்லாம் ஒட்ட நறுக்கி, மேல் தண்டையும் அறுத்துவிட்டு, வெறும் குச்சியாகக் கொண்டுபோய் நடுவார்கள். ஸ்டம்பு என்று பெயர். அந்தக் குச்சி ஒரு மாதத்தில் துளிர்க்கும். தோட்டத்திலேயே அப்பா நறுக்கும் ஸ்டம்புதான் சுத்தம் என்று துரையே சொன்னதாக அம்மா பெருமையாகச் சொல்லுவாள். அவர் ஆயுளில் யாரேனும் அவரைப் புகழ்ந்தது அதற்கு மட்டும்தான்.

"அப்பா, வேரைத் தொடக் கூடாதுன்னு அத்தை சொன்னாங்க."

"ஒங்கத்தைக்கு என்னா தெரியும்? இப்படிச் சுத்திக்கிட்டிருந்தா கீழ எறங்காது. நறுக்குனாத்தான் புது வேர் விடும். நான் எத்தன ஸ்டம்பு போட்டிருப்பேன் தெரியுமா?"

நறுக்கினார். செண்பகத்தின் வேர் பால்மர வேர் மாதிரி நார் நாராக அறுபடவில்லை. பயற்றங்காய் ஒடிகிற மாதிரி மொறுக் மொறுக்கென்று ஒடிந்தது. ஒரு காரமான வாசனை அடித்தது. சுற்றியிருந்த மண்ணை உதறி, அத்தை கைலியில் பொத்தி எடுத்த அந்த உருண்டை முழுவதையும் ஒரு முழக் கட்டையாக்கினார். பிறகு எழுந்து நின்று மேல் தண்டையும் ஒரே வெட்டில் சாய்த்தார். இரண்டு மொட்டுகள் இருந்தன. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்போம், துணி காயப்போட வந்தவர், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஹாயிஸ், காசியான் செம்பாக்கா நி" என்றார். பாவம் இந்தச் செம்பாக்கா என்று. அப்பா அவருக்கும் ஸ்டம்பு முறையை மலாயில் விளக்கினார். நான் வெட்டிய வேர்களை அள்ளிக் கால்வாயில் போட்டேன். கட்டையைக் குழியில் நிறுத்தி, மண்ணைத் தள்ளி, அப்பா சுற்றிலும் நன்றாக மிதித்தார். நானும் மிதித்தேன்.

அத்தை மூன்றரை மணிக்கு வந்தாள். நான் கேட்டருகில் காத்திருந்து, "அத்தை, கண்ண மூடிக்கிட்டு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். இதை நினைக்காமல் இருக்க நான் எவ்வளவோ பழகிப் பார்த்துவிட்டேன், முடியவில்லை.

கண்ணைத் திறந்தவள் முதலில் தொட்டியிருந்த இடத்தைத்தான் பார்த்தாள். பிறகு கிழிந்த பீப்பாயை. பிறகு மண்ணில் நின்ற கட்டையை. பையைக் கீழே வைத்தாள். குந்தி உட்கார்ந்து, மண்ணைத் தொட்டாள், கெட்டியாக இருந்தது. கால்வாயில் கிடந்த வேர்களை எட்டிப் பார்த்தாள். அப்பா உள்ளேயிருந்து வந்து, "ஒனக்காகத்தான் தங்கச்சி. தொட்டியில கெடந்து எத்தன நாளைக்குக் கஷ்டப்படும்? ஒரு மாசத்துல பாரு" என்றார். அவர் முகம் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. அத்தை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கத்துவாள் என்று பயந்தேன். "அப்பாவுக்குக் குளிக்கிற நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஞாயிறு. ஹார்ன் சத்தம் கேட்டு அத்தை பாத்திரம் எடுக்காமல் வெளியே போனாள். மீன்காரர் வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்து கட்டையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "போயிட்டுப் போவுது. நீ வா. வேற மரம் வாங்கிக்கலாம்" என்றார் அவர். அத்தை, "இது துளிர்க்கட்டும்" என்றாள். அவர் இன்னும் ஏதோ சொன்னார். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். அதைக் கேட்டதும் நான் உள்ளே ஓடி, அத்தை மரம் துளிர்க்கிற வரைக்கும் போகமாட்டாளாம் என்று அறிவித்தேன். அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அத்தை அந்தக் கட்டைக்குக் கைலியைக் கிழித்து நிழல் கட்டினாள். மிதித்த மண்ணைக் குச்சியால் கிளறிவிட்டாள். காலையும் மாலையும் அதன் முன்னால் குந்தியிருந்தாள். அந்த மூன்று வாரமும் வீட்டில் அப்படியொரு மரியாதை. அம்மா ஒரு முறை முதுகு வலியைப் பொருட்படுத்தாமல் தாத்தாவின் போர்வையைத் துவைத்தாள். அப்பா அத்தைக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்தார். கல்யாணம் என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தை சமையலறையில் நிற்பாள், அப்பா வந்து தண்ணீர் குடிப்பார், அவள் அவர் முகத்தைப் பார்ப்பாள், அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார்.

நான்காவது வாரம் கட்டையின் அடியில் ஒரு முளை எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. மறுநாள் செம்பு நிறத்தில் ஓர் இலை நகத்தளவுக்கு விரிந்தது. அப்பா தெருவையே கூட்டிக் காட்டினார். "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று நாலு பேரிடமாவது கேட்டிருப்பார். மக்சிக் கூட அதிசயப்பட்டார். நான் கைதட்டிக் குதித்தேன். அத்தை அந்த இலையைத் தொட்டுப் பார்த்தாள். சந்தோஷம் தாங்காமல்தான் பேசாமல் இருக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை, வேன் வருவதற்கு முந்திய நாள், அத்தை என்னை வாசலில் உட்காரவைத்துத் தலை வாரினாள். சிக்கெடுத்து, எண்ணெய் வைத்து, இரண்டாகப் பிரித்தாள். ஒரு சடை பின்னி முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தவள், கையை நிறுத்தினாள். எனக்குப் பின்னால் இருந்ததால் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

"பாப்பா, நான் போகட்டுமா?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். கடைக்குப் போகட்டுமா என்கிற மாதிரி. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மரம்தான் துளிர்த்துடுச்சே அத்தை. இனிமே எதுக்குப் போகணும்?"

"சரி" என்றாள். மீதிச் சடையைப் பின்னி, ரிப்பன் கட்டி, எப்போதும் போல முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் வேனருகில் போய் அத்தை இரண்டு நிமிடம் பேசினாள். அவர் வேறு யாருக்கும் மீன் நிறுக்காமல் அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் வரிசைக்கு அவர் வரவேயில்லை. அடுத்த வருடம் அவருக்குக் கோலா கெடாவிலேயே கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டு, "பாத்தியா, அவ்வளவுதான் அந்த ஆளு" என்றார் அப்பா. அத்தை தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

துளிர் இன்னும் பத்து நாள் இருந்தது. பிறகு சுருங்கி, கறுத்து, விழுந்தது. ஒரு வெயில் நாளில் அப்பா கட்டையைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு வேர் இல்லை. நறுக்கிய இடமெல்லாம் அழுகி வழவழத்துப் போயிருந்தது. தண்டில் மிச்சமிருந்த சத்தைத் தின்றுதான் அந்த இலை வந்திருக்கிறது. அப்பா கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பால்மரம் இப்படிச் செய்யாது என்றார். அத்தை கதவருகில் நின்று பார்த்தாள். அவளுக்கு அதில் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

தாத்தா அதன் பிறகும் ஒன்பது வருடம் இருந்தார். அவர் போனதும் அம்மாவுக்கு முதுகு நிஜமாகவே போயிற்று. அத்தை அதே வீட்டில்தான் இருக்கிறாள். போன மாதம் நான் பினாங்கிலிருந்து போயிருந்தபோது, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் கேட்டேன், அந்தக் கட்டை பிழைக்காது என்று அவளுக்கு எப்போது தெரியும் என்று.

"கால்வாயில வேரைப் பாத்தேன்ல, அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா அதுக்காகக் காத்திருந்தீங்க?"

"மரத்துக்கா காத்திருந்தேன்?" என்றாள். அம்மாவின் சேலையின் ஒரு முனையை என்னிடம் நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். இருவருமாக இழுத்து உதறி மடித்தோம்.

போய் வா என்று யாராவது ஒருவர் சொல்லுவார்கள் என்றுதான் அவள் ஒரு மாதம் அந்தச் செத்த கட்டைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். அப்பா சொல்லவில்லை, அம்மா சொல்லவில்லை, தாத்தாவுக்கு வாய் இல்லை. கடைசியில் என்னைக் கேட்டாள். அந்த வீட்டில் அவள் உத்தரவு கேட்க மிச்சமிருந்த ஒரே ஆள் நான்தான் என்பது பத்து வயதில் எனக்குத் தெரியாது. தலை பின்னும்போது பேசுகிற பேச்சு என்று நினைத்துப் பதில் சொல்லிவிட்டு, இரண்டு சடையும் குதிக்கக் குதிக்க விளையாடப் போய்விட்டேன்.